பலகைப் பனியும் பயணியின் முடிவும்: மேற்கு இமயமலையில் பனிச்சரிவு அபாயம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்முனை பனிக்குள் புதைந்தது. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவைப் பனிச்சரிவு அடித்துச் சென்றது. காணாமல் போன இருவரையும் சேர்த்து 29 பேர் மாண்டனர். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகள் எழுவர் இறந்தனர். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணாவில் எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம் புதைந்தது. சிக்கிய 54 தொழிலாளர்களில் எட்டுப் பேர் இறந்தனர்.

செய்தித்தாளில் இந்த நான்கும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. ஆய்வுக்கு இவற்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். சோனத்தில் சரிந்தது ஒரு பெரும் பனிச்சுவர். அங்கிருந்த வீரர்கள் ஆணையின்பேரில் அங்கிருந்தார்கள். விலகிப் போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. மாணாத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக அங்கே இருந்தார்கள். மலையேறுபவர், பனிச்சறுக்குக்குப் போகிறவர், குளிர்கால நடைப்பயணி ஆகியோரின் நிலை வேறு. தாம் எந்தச் சரிவில், எந்த நேரத்தில் கால்வைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதன்மையாக அவர்களைப் பற்றியது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாகத் தொகுக்கப்பட்ட விபத்துப் பதிவுகள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பொழுதுபோக்குப் பயணங்களில் பனிச்சரிவால் இறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரைப் புதைத்த சரிவை, அவர்களே அல்லது அவர்களுடைய குழுவில் ஒருவரே கிளப்பிவிட்டிருந்தார். பனிச்சரிவு எங்கோ மேலிருந்து விதியைப் போல வந்து விழுகிறது என்ற நம் மனப்படத்தை இந்தச் செய்தி மாற்றியாக வேண்டும். ஆபத்து காலடியில் தொடங்குகிறது என்றால், அதைத் தவிர்க்கும் வாய்ப்பும் பயணியின் கையில் இருக்கிறது. கருவிகளையும் மீட்புப் படைகளையும்விட, புறப்படுவதற்கு முன் எடுக்கும் முடிவே அதிக உயிர்களைக் காக்கும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

2. பனிப்படிவின் உள்ளமைப்பு

மலைமேல் கிடக்கும் பனியை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைப் போர்வையாகத் தெரியும். வெட்டிப் பார்த்தால் அது அடுக்கடுக்காக இருக்கும். மேற்கு இமயத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் ஒவ்வொன்றும் ஓர் அடுக்கைப் படியவைக்கின்றன. இரண்டு பொழிவுகளுக்கு நடுவே வரும் தெளிந்த வானமும் கடுங்குளிரும் அந்த அடுக்குகளின் தன்மையை மாற்றுகின்றன.

இந்த மாற்றத்தை நடத்துவது வெப்பநிலை வேறுபாடு. தடித்த பனியின் அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்பு மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கக்கூடும். பனியின் தடிமன் ஒரு மீட்டர் என்றால், ஒரு மீட்டருக்குள் 20 டிகிரி வேறுபாடு. இந்த வேறுபாடு மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரியைத் தாண்டினால், அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து படிகங்களில் மீண்டும் உறைகிறது. அப்போது படிகங்கள் பட்டைதீட்டியவை போலக் கோணங்களோடு பெரிதாகின்றன. ஒன்றோடொன்று கொண்டிருந்த பிணைப்பை இழக்கின்றன. கையில் அள்ளினால் சீனியைப் போல விரலிடுக்கில் வழிந்துவிடும். பனிப்படிவின் அடியில் இப்படி ஓர் அடுக்கு உருவாகிவிட்டால் அது வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் பருவம் முழுதும், வலுப்பெறாமல் கிடக்கும்.

பனி அதிகம் பெய்த ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அதே மைனஸ் 20 டிகிரிக் குளிரில் பனியின் தடிமன் மூன்று மீட்டராக இருந்தால், மீட்டருக்கு ஏழு டிகிரிக்கும் குறைவான வேறுபாடே வரும். படிகங்கள் உருண்டு, நெருங்கி, ஒட்டிக்கொள்ள அதில் வழி உண்டு. மெல்லிய பனிதான் உள்ளுக்குள் அழுகிப் போகிறது. பருவத்தின் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்து, பிறகு பல வாரம் வெயிலும் குளிருமாக இருந்து, அதன்மேல் ஒரு பெரும்பொழிவு வந்து விழும் ஆண்டு குறித்து மலைவாசிகளும் ஆய்வாளர்களும் ஒருசேர அஞ்சுகிறார்கள்.

இன்னொரு நலிந்த அடுக்கு மேற்பரப்பில் பிறக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில், ஈரக்காற்று குளிர்ந்த பனிமேல் படிந்து இறகு வடிவப் படிகங்களாக நிற்கும். காலை வெயிலில் மின்னும் அந்தப் பரப்பைப் படமெடுக்காதவர் அரிது. அடுத்த பொழிவு அதைக் கலைக்காமல் மூடிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கும் தளம் பனிக்குள் தயாராகிவிடும்.

3. சரிவு தோன்றும் விதம்

பனிச்சரிவு இரு பெரும் வகைப்படும். பிணைப்பற்ற பனி ஒரு புள்ளியில் கிளம்பி விசிறியாக விரிவது ஒன்று. இது பெரும்பாலும் சிறியது; செங்குத்துப் பாறைக்கு மேலே இருப்பவரைத் தவிர மற்றவரைக் கொல்வது குறைவு. மற்றது பலகைச் சரிவு. உயிர்ப்பலியில் மிகப் பெரும்பங்கு இதனுடையது. எனவே விரிவாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

பலகைச் சரிவுக்கு நான்கு சேர வேண்டும்: பிணைப்புள்ள ஒரு மேல் அடுக்கு, அதன்கீழ் நலிந்த அடுக்கு, போதிய சாய்வு, தூண்டும் ஒரு சுமை. காற்று அடித்துச் சேர்த்த பனி இறுகிப் பலகையாகிறது. மனிதனின் எடை அதன்மேல் விழும்போது கீழே உள்ள நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. அந்த நொறுக்கம் அதே இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடுகிறது. ஹையர்லி, கும்ப்ஷ், சைசர் ஆகியோர் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நலிந்த அடுக்கு அமுங்கிச் சரியும்போது விடுபடும் ஆற்றலே இந்த ஓட்டத்துக்கு உந்துதல் என்று விளக்கியது. மலையேறுபவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த ஓர் அனுபவத்துக்கு அந்த ஆய்வு காரணம் காட்டியது: சமதரையில் நடப்பவர்கூட மேலே உள்ள சரிவைக் கிளப்பிவிட முடியும். காலடியில் பனி 'வும்ப்' என்ற ஓசையோடு அமுங்கினால், நலிந்த அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். சாய்வு இல்லாததால் அங்கே பலகை நகரவில்லை, அவ்வளவே.

50 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன் கொண்ட ஒரு பலகையை எண்ணிப் பாருங்கள். மலையளவில் இது மிகச் சிறியது. கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 150 டன். பலகை உடைந்த சில நொடிகளில் வேகம் பிடிக்கிறது. அதன் நடுவில் நிற்பவருக்கு விலகிப் பாய நேரமே கிடைப்பதில்லை. காற்றோடு கலந்து பொடிமேகமாகப் பாயும் பெருஞ்சரிவுகள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும்.

சிறிய பலகையும் கொல்லும் என்பதற்கு உரால் மலையின் டயட்லோவ் கணவாய் விபத்தை இப்போது ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். 1959 பிப்ரவரியில் அங்கே ஒன்பது பேர் இறந்தது பல பத்தாண்டுகள் மர்மமாகப் பேசப்பட்டது. கூடாரம் அமைக்கச் சரிவை வெட்டியதும், பின்னர் பல மணிநேரம் காற்று மேலே பனியைக் குவித்ததும் சேர்ந்து ஒரு சிறு பலகையைத் தாமதமாக விடுவித்திருக்கலாம் என்று கோமும் புஸ்ரினும் 2021இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இது ஒரு கருதுகோள்தான். ஆனால் சரிவில் கூடாரத்துக்காகப் பள்ளம் வெட்டும் எவரும் படித்திருக்க வேண்டிய கருதுகோள்.

பயணிக்கு மிகவும் தேவையான நுட்பம் ஒன்று இங்கே உண்டு. மனித எடையின் அழுத்தம் ஆழத்தோடு விரைவாகக் குறைகிறது. ஒரு மீட்டருக்கும் அதிகமான தடித்த பலகையை ஒருவர் கிளப்புவது கடினம். ஆனால் பலகை எங்கும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. பாறை துருத்தும் இடத்தில், விளிம்பில், முகட்டருகே அது மெலிகிறது. நடுவில் பத்துப் பேர் பத்திரமாகக் கடந்த பலகையைப் பதினோராவது ஆள் மெலிந்த இடத்தில் மிதித்து உடைத்துவிடலாம். முன்னே போனவரின் தடம் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

வெப்பம் ஏறும் காலத்தில் வரும் ஈரப்பனிச் சரிவுகள் வேறு. உருகிய நீர் கீழிறங்கி அடுக்குகளின் பிணைப்பைக் கரைக்கிறது. இவை ஓரளவு நேரம் தவறாதவை. வெயில் ஏறுவதற்கு முன் சரிவைக் கடந்துவிடுவது இதற்குப் பெரும்பாலும் போதும்.

4. நிலம் சொல்லும் செய்தி

பனி நாள்தோறும் மாறுகிறது, நிலம் மாறுவதில்லை. எனவே தொடக்கநிலைப் பயணி நிலத்தைப் படிக்கக் கற்பதுதான் விரைவில் பலன் தரும்.

பலகைச் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் கிளம்புகின்றன. 30க்குக் கீழே பலகை நழுவுவது அரிது. 50க்கு மேலே பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். இடைப்பட்ட சாய்வுதான் பனிச்சறுக்குக்கு இன்பமானது, ஏறுவோரை ஈர்ப்பதும் அதுவே. வரைபடத்தில் இதைக் கண்டறிய எளிய கணக்கு உண்டு. 1:50,000 அளவில் 40 மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள் வரையப்பட்ட வரைபடத்தில், அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் சாய்வு 30 டிகிரி. கோடுகள் அதைவிட நெருங்கியிருந்தால் அபாயச் சாய்வு. ஆனால் இந்தக் கணக்கு 40 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் சிறு செங்குத்துகளை விழுங்கிவிடும் என்பதால், களத்தில் சாய்மானியால் அளந்தும் பார்க்க வேண்டும். கைப்பேசியிலேயே அந்த வசதி உண்டு.

அடுத்தது திசை. வெயில் படாத வடமுகச் சரிவுகளில் குளிர் நீடிப்பதால் நலிந்த அடுக்கும் நீடிக்கிறது. காற்று மறைவுச் சரிவுகளில் பொழிவே இல்லாத நாளிலும் பனி குவிகிறது. வானிலிருந்து விழுந்த அளவைப்போலச் சில மடங்கு ஓர் இரவில் அங்கே சேர்ந்துவிடும். முகட்டில் தொங்கும் பனிவிளிம்பு அந்தக் காற்றின் திசையைக் காட்டும். அதன் கீழே தங்குவதும் அதன்மேல் நடப்பதும் ஒருபோதும் கூடாது.

மூன்றாவது, சரிவு போய்ச் சேரும் இடம். ஒரே அளவுப் பனி திறந்த வெளியில் பரவினால் முழங்கால் உயரம். குறுகிய ஓடைக்குள் இறங்கினால் பல மீட்டர் ஆழம். மரக்கூட்டத்திலும் பாறை விளிம்பிலும் மோதி அடிபட்டுச் சாக நேரும். திரௌபதி கா டண்டாவில் உச்சியை நெருங்கியிருந்தவர்களைச் சரிவு ஒரு பனிப்பிளவுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட்டையும் மக்காலுவையும் 16 நாள்களுக்குள் ஏறிமுடித்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அங்கே இறந்தார். மலையனுபவத்தின் அளவைப் பனிப்பிளவு பார்ப்பதில்லை.

சரிவு நிற்கும் எல்லை சமதரைக்குள்ளும் நீளும். நாதுலா சாலையில் இறந்தவர்கள் எந்தச் சரிவையும் ஏறவில்லை. பயணிகளுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் போய்ச் சாலையோரப் பனியில் நின்றிருந்தார்கள். தான் நிற்கும் தரையோடு, தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதையும் பார்க்கும் பழக்கம் சுற்றுலாப் பயணிக்கும் வேண்டும்.

5. மேற்கு இமயத்தின் வலயங்கள்

சர்மாவும் கஞ்சுவும் 2000இல் மேற்கு இமயத்தை மூன்று பனி வலயங்களாகப் பகுத்தார்கள். இந்தியப் பயணிக்கு இந்தப் பகுப்பு நேரடியாகப் பயன்படும். ஆல்ப்ஸ் மலைக்கு எழுதப்பட்ட கையேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

தாழ்வலயமான பீர் பஞ்சாலில் பொழிவு கனமானது, குளிர் மிதமானது. பனி தடித்துப் படிவதால் நெடுநாள் நீடிக்கும் நலிந்த அடுக்குகள் ஒப்பீட்டளவில் குறைவு. புயலின்போதும் அது ஓய்ந்த உடனேயும் அபாயம் உச்சத்தில் இருக்கும். 2005 பிப்ரவரியில் தென் காஷ்மீரின் வால்டெங்கு நார் ஊரைப் பனி மூடி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இத்தகைய தொடர்ந்த கடும்பொழிவின் முடிவில்தான்.

உயர்வலயமான காரகோரத்தில் நேர்மாறு. வறண்ட, மிகக் குளிர்ந்த, காற்று மிகுந்த நிலம். பனி மெல்லியது, உள்ளே சீனிப்படிவு. பெய்து பல நாள் ஆன பிறகும் அங்கே நிம்மதி கிடையாது. நடுவலயமான பெரும் இமயத் தொடர் இரண்டின் குணங்களையும் கொண்டது. அதனாலேயே முன்னறிவது கடினமானது.

குல்மர்க் தனியாகச் சொல்லத் தக்கது. அங்கே கோண்டோலா எனும் கம்பிவண்டி சில நிமிடங்களில் அஃபர்வாட் மலைத்தோளுக்கு ஏற்றிவிடுகிறது. ரோந்துக் குழு கண்காணிக்கும் பகுதி அங்கே ஒரு பங்குதான். அதைத் தாண்டினால் இருபுறமும் கட்டுப்பாடற்ற மலை. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மர்க் அருகே ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த வீரர்கள் பலர் சரிவில் மாண்டனர். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் அதே மலைப்பகுதியில் இறந்தனர். எளிதாக மேலே போக முடிவது, அந்த இடம் எளிதானது என்ற மயக்கத்தைத் தருகிறது. என் பார்வையில் இந்தியாவில் பனிச்சரிவுக் கல்வியை முதலில் கட்டாயமாக்க வேண்டிய இடம் அந்தக் கோண்டோலாவின் பயணச்சீட்டு முகப்பு.

6. எச்சரிக்கையும் அதைக் கேட்பவரும்

சுவிட்சர்லாந்தில் 1950–51 குளிர்காலத்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு அந்த நாடு தடுப்பு வேலிகளுக்கும், அபாய வரைபடங்களுக்கும், டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிறுவனத்துக்கும் பெரும் முதலீடு செய்தது. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிகள் கொண்ட ஒரே அபாய அளவுகோலை ஏற்றன: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். ஒவ்வொரு படிக்கும் அபாயம் பன்மடங்காக ஏறுகிறது. ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம் என்று மனம் கணக்குப் போடுகிறது. சுவிஸ் பதிவுகளிலோ இறப்புகளில் ஏறத்தாழ பாதி மூன்றாம் படி நாள்களில்தான். நான்கும் ஐந்தும் அறிவிக்கப்படும்போது பெரும்பாலோர் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றில் கிளம்புகிறார்கள்.

இந்தியாவில் 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கிய அது 2020இல் நிலப்பரப்பு ஆராய்ச்சி ஆய்வகம் ஒன்றோடு இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. ராணுவத் தேவைக்குப் பிறந்த நிறுவனம் என்றாலும், அது தரும் எச்சரிக்கைகள் மாவட்ட நிர்வாகங்கள் வழியாகப் பொதுமக்களுக்கும் வருகின்றன. மாணா விபத்துக்கு முந்தைய நாள் மாலையே, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் பனிச்சரிவு அபாயம் இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. எச்சரிக்கைக்கும் முகாமைக் காலி செய்யும் ஆணைக்கும் நடுவே உள்ள தொலைவுதான் எட்டு உயிர்களை வாங்கியது என்று நான் கருதுகிறேன். இரும்புக் கொள்கலன்களுக்குள் தங்கியிருந்ததால் பலர் பிழைத்தார்கள் என்பது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. அத்தகைய முகாம்கள் எங்கே, எதனால் அமைக்கப்பட வேண்டும் என்ற விதிக்கு அது அடிப்படையாகலாம்.

நம் செய்திகளில் வந்துசேரும் எச்சரிக்கையில் மாவட்டத்தின் பெயர், உயரம், அபாய அளவு ஆகியவை இருக்கும். பயணிக்கு இன்னும் நுணுக்கம் வேண்டும்: எந்தத் திசைச் சரிவு, என்ன வகைச் சிக்கல், நாளின் எந்த நேரம். புதுப்பனியா, காற்றடித்த பலகையா, பழைய நலிந்த அடுக்கா, ஈரப்பனியா என்பதைப் பொறுத்து வழியையே மாற்ற வேண்டிவரும்.

7. மனிதக் காரணி

இந்தத் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு பனியைப் பற்றியதல்ல என்றே சொல்வேன். இயன் மக்கேமன் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பொழுதுபோக்குப் பயண விபத்துகளை ஆராய்ந்தார். அபாய அறிகுறிகள் கண்முன்னே இருந்தும், பயிற்சி பெற்றவர்கள் உட்படப் பலர் சரிவுக்குள் நுழைந்திருந்தார்கள். காரணங்களை அவர் சில மனக்கண்ணிகளாகத் தொகுத்தார்: பழகிய இடம் என்ற நம்பிக்கை, குறித்த இலக்கை விடக்கூடாது என்ற பிடிவாதம், குழுவில் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற சார்பு, மற்றவரின் மதிப்பைப் பெறும் ஆசை, பிறர் போகிறார்களே என்ற துணிவு, தொடப்படாத பனியை முதலில் தொட வேண்டும் என்ற வேட்கை.

2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் டனல் கிரீக் சரிவில் இவற்றில் பல ஒன்றுசேர்ந்தன. பதினாறு பேர் கொண்ட பெரிய குழு. அவர்களில் அந்த மலையை நன்கறிந்தவர்களும் பனிச்சறுக்கையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஐயம் சிலருக்கு இருந்தது. இவ்வளவு தேர்ந்தவர்கள் நடுவே அதை வாய்விட்டுச் சொல்ல யாரும் முந்தவில்லை. மூவர் இறந்தார்கள்.

நம் சூழலில் இந்தக் கண்ணிகள் இன்னும் இறுக்கமானவை. கேதார்காந்தா, பிரம்மதால் போன்ற குளிர்கால நடைப்பயணங்களுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போகிறவர்களைக் கவனியுங்கள். அலுவலகத்தில் கிடைத்த ஏழு நாள் விடுப்பு, முன்பணம் கட்டிய பயணத் திட்டம், ரயில் முன்பதிவு, உச்சியில் எடுக்க வேண்டிய படம். இவை எதிலும் பனி நிலையாக இல்லாத ஒரு நாளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அதோடு, மூத்தவர் சொன்னால் எதிர்த்துப் பேசாத பழக்கம். "கைடு அண்ணனே போகலாம்னு சொல்லிட்டார், நாம என்ன சொல்றது" என்று ஒருவர் அடக்கிக்கொண்ட சந்தேகம், அந்தக் குழுவில் பலருக்கும் இருந்த சந்தேகமாக இருக்கலாம். வழிகாட்டியும் அதே நேரத்தில் வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் இதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தார். வீட்டில் திட்டமிடும்போது ஒருமுறை, மலையடிவாரத்தில் ஒருமுறை, குறிப்பிட்ட சரிவின் விளிம்பில் ஒருமுறை என மூன்று நிலைகளில், பனியும் வானிலையும், நிலம், மனிதர் ஆகிய மூன்றையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். அதோடு ஓர் எளிய வரம்பும் வைத்தார். அபாயம் இரண்டாம் படியில் இருந்தால் 40 டிகிரிக்குக் கீழே, மூன்றில் 35க்குக் கீழே, நான்கில் 30க்குக் கீழே நில். இதைக் கரடுமுரடான விதி என்று அவரோடு வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அதன் கரடுமுரடே அதன் வலிமையாகத் தெரிகிறது. களைத்த மூளைக்கும் கெஞ்சும் நண்பருக்கும் வளைந்து கொடுக்காத ஓர் எண் அது.

8. பயண ஒழுங்கு

இயற்கை தரும் சில அறிகுறிகளுக்கு மேல்முறையீடு கிடையாது. அண்மையில் விழுந்த சரிவு, காலடியில் அமுங்கும் ஓசை, சறுக்குப் பலகையிலிருந்து ஓடும் விரிசல், ஒரு நாளுக்குள் ஓரடி அளவு புதுப்பனி, பனியைத் தூக்கிச் செல்லும் காற்று, திடீர் வெப்பம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மென்சாய்வுக்குத் திரும்ப வேண்டும்.

பனியை வெட்டிச் சோதிக்கும் முறைகளில் இன்று பரவலாக உள்ளது சிமன்ஹாய்ஸும் பர்க்லண்டும் வகுத்த நீள்தூண் சோதனை. 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் குறுக்கும் கொண்ட தூணைப் பிரித்து, மணிக்கட்டு, முழங்கை, தோள் என ஒவ்வொன்றிலிருந்தும் பத்து முறை தட்ட வேண்டும். உடைப்பு தூண் முழுதும் ஓடினால் போகக் கூடாது. ஓடவில்லை என்றால் 'போகலாம்' என்று பொருள் கொள்ளவும் கூடாது. இருபது மீட்டர் தள்ளிப் பனி வேறாக இருக்கும். சோதனை 'வேண்டாம்' என்று சொல்லும்போது மட்டுமே அதை முழுதாக நம்பலாம்.

ஐயத்துக்குரிய சரிவைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான திட்டில் நின்று அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். மதிய உணவுக்கும் படம் எடுப்பதற்கும் சரிவின் கீழே கூடக் கூடாது. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். குழுவில் யார் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்று புறப்படுமுன் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி ஒழுங்கு ஒன்றுக்கே டனல் கிரீக்கில் உயிர்களைக் காத்திருக்கும் வாய்ப்பு இருந்தது.

9. புதைந்த பின்

ஃபால்க், புருகர், ஆட்லர்-காஸ்ட்னர் ஆகியோர் 1994இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட உயிர்பிழைப்பு வளைகோடு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. முழுதும் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். 35 நிமிடத்தில் அது ஏறத்தாழ 30 சதவீதமாக விழுகிறது. 2024இல் வெளிவந்த சுவிஸ் தரவுகள் இந்த அவகாசத்தை மேலும் சுருக்கின: முதல் பத்து நிமிடத்தில் 91 சதவீதம், அரைமணி நேரத்தில் 31 சதவீதம். பெரும்பாலோர் சாவது மூச்சுத்திணறலால்.

இமயத்தின் எந்த மூலைக்கும் பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டர் வராது. உடன் வந்தவர்களே மீட்புப் படை. அவர்களிடம் மூன்று பொருள்கள் இருந்தாக வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் (சமிக்ஞை அனுப்பிப் பெறும் கருவி), நீட்டு ஊசிக்கம்பி, உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. டிரான்ஸீவர் இடத்தை நெருக்கிக் காட்டும். ஊசிக்கம்பி ஆழத்தை உறுதி செய்யும். சரிந்து இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது. கைப்பேசியை டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். தோண்டுபவர் புதைந்தவருக்கு நேர்மேலே நிற்காமல், சரிவின் கீழ்ப்பக்கமிருந்து அவரை நோக்கி வாரிச் செல்ல வேண்டும். முகத்தை முதலில் விடுவித்து, மூச்சில்லை என்றால் வாய்வழிச் சுவாசத்தோடு இதய அழுத்தம் தொடங்க வேண்டும்.

முதுகுப்பையில் உள்ள காற்றுப்பை புதையாமல் காக்க உதவுகிறது. ஹேகெலி குழுவின் 2014 ஆய்வில் அது விரிந்தவர்களின் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஐந்தில் ஒருவருக்கு அது விரியவே இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

சோனத்தில் ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிருடன் எடுக்கப்பட்டபோது நாடே வியந்தது. பிப்ரவரி 11 அன்று அவர் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆறு நாள் அவருடைய உறுதிக்குச் சான்று. எந்தப் பயணியும் அதை ஒரு வாய்ப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

10. கோரிக்கை

இமயத்தின் ஒவ்வொரு பனிச்சரிவு விபத்துக்கும் சாய்வு, திசை, பனி அடுக்கு, முந்தைய எச்சரிக்கை, எடுக்கப்பட்ட முடிவுகள் அடங்கிய அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும். பழி சுமத்துவதற்கான விசாரணையாக அது இருக்கக் கூடாது; அடுத்த குழு கற்பதற்கான ஆவணமாக இருக்க வேண்டும். நாள்தோறும் வரும் எச்சரிக்கை, சரிவின் திசையையும் சிக்கலின் வகையையும் சொல்ல வேண்டும். முகாம் மேலாளருக்கும் சாலைப் பொறியாளருக்கும் அதைக் கேட்டதும் இடம் பெயர்க்கும் அதிகாரமும் கடமையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து குளிர்கால மலைக்குப் புறப்படும் வாசகர், பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பனிச்சரிவு அபாயமுள்ள வழி என்றால் ஒவ்வொருவருக்கும் டிரான்ஸீவரும் ஊசிக்கம்பியும் மண்வாரியும் பயிற்சியோடு தருகிறீர்களா? இன்றைய எச்சரிக்கையை யார், எங்கிருந்து, எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள்? திரும்பிவர முடிவெடுத்தால் பணத்துக்கும் நாளுக்கும் என்ன ஏற்பாடு? மூன்றில் ஒன்றுக்காவது நேரான பதில் வரவில்லை என்றால் அந்தக் குழுவோடு போகாதீர்கள்.